நாலேகால் அங்குலக் குழி



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்துக்கு வந்த பின்னூட்டங்களைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். கையில் கோல்ஃப் மட்டையோடு குனிந்து நின்று, தரையில் இருக்கும் வெள்ளைப் பந்தை நான் முறைத்துக்கொண்டிருக்கும் படம் அது. "சார், பென்ஷனை ஏத்திட்டாங்களா?" என்று ஒருவர். "சாக்பீஸ் பிடிச்ச கை கோல்ஃப் மட்டை பிடிக்குது, கலிகாலம்" என்று என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்த நண்பர். ஒரு சகோதரி மட்டும், "அண்ணா, பின்னால் தெரிவது கோல்ஃப் மைதானம் மாதிரி இல்லையே, துணி காய்கிறதே" என்று சரியாகப் பிடித்துவிட்டார். ஆமாம், அது ஒரு வீட்டின் கொல்லைப்புறம். யார் வீடு, எனக்கு அங்கே என்ன வேலை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் கோல்ஃப் ஆடுவதில்லை. அதற்கான பணமும் முதுகும் என்னிடம் இல்லை. நான் பழகுவது புட்டிங் மட்டும். பந்தைத் தூரமாக அடித்து அடித்துக் கொண்டுவந்து, கடைசியில் ஒட்ட வெட்டிய புல்தரையில் சேர்க்கிறார்கள் அல்லவா, அந்தத் தரைக்குக் கிரீன் என்று பெயர். அங்கே பந்தைத் தரையோடு உருட்டிக் குழிக்குள் விடுவதுதான் புட்டிங். ஒரு முழு ஆட்டத்துக்குப் பதினெட்டுக் குழி. பெரும்பாலான மைதானங்களில் 72 தட்டில் முடித்தால் நல்ல ஆட்டக்காரர் என்று கணக்கு. அந்த 72-இல் 36 தட்டு, அதாவது குழிக்கு இரண்டு வீதம், கிரீனுக்கென்றே ஒதுக்கியது. முந்நூறு கஜம் பறக்க அடித்தாலும் கணக்கில் ஒன்று. ஒரு சாண் தூரம் தள்ளினாலும் ஒன்று. என்ன நியாயம் என்று எனக்கும் முதலில் தோன்றியது.

குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம். 1891-இல் ஸ்காட்லாந்தில் நிர்ணயித்த அளவு. இன்று உலகம் முழுக்க அதுதான். பந்து ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக, இரண்டு பந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் நுழையக்கூடிய வாசல். பார்த்தால் எளிது.

எளிது இல்லை என்று எனக்குக் காட்டியவன் என் பேரன்.

2023 கோடையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மகள் ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். எனக்குத் தூக்கம் வராது. ஒரு சனிக்கிழமை எட்டு வயதுப் பேரன், "தாத்தா, ஹிமாலயாஸ் போலாமா?" என்றான். நான் நீலகிரிக்காரன், இவன் என்ன இமயமலைக்குக் கூப்பிடுகிறான் என்று பார்த்தால், பஸ்ஸில் அரைமணி நேரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ். கோல்ஃபின் பிறந்த வீடு என்று சொல்லப்படும் ஊர். அங்கே பழைய மைதானத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில் மேடும் பள்ளமுமாக ஒரு புல்வெளி. ஓர் ஆள் உயரம்கூட இல்லாத மேடுகளுக்கு இமயமலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு நகைச்சுவை உண்டு.

அது பெண்களுக்காக ஏற்பட்ட இடம். 1867-இல் தொடங்கிய மகளிர் புட்டிங் கழகம் இன்றும் அதை நடத்துகிறது. அந்தக் காலத்தில் பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கி அடிப்பது அடக்கம் இல்லை என்று நினைத்தார்களாம். அதனால் உருட்டி ஆடும் ஆட்டம் மட்டும் அவர்களுக்கு. இப்போது சில பவுண்டு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஆடலாம். மட்டையும் பந்தும் அவர்களே தருகிறார்கள். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் டிரைவர், சீருடையைக்கூட மாற்றாமல் நின்றிருந்தார். பணக்கார விளையாட்டு என்று பின்னூட்டம் போட்டவர்கள் இதைக் கவனிக்கவும். அங்கே அப்படி இல்லை. இங்கே அப்படித்தான், மறுக்கவில்லை.

பேரன் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு, மூன்று தட்டில் முடித்தான். நான் ஐந்து, ஆறு. ஒரு மேட்டில் நான் ஏற்றிவிட்ட பந்து உச்சிவரை போய், யோசித்து, என் காலடிக்கே திரும்பி வந்தது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கேட்டான்:

"தாத்தா, ஊட்டியில கோல்ஃப் இருக்கா?"

"இருக்கு, ஃபிங்கர்போஸ்ட் பக்கம்."

"நீ ஏன் அங்க ஆடல?"

"அது பெரிய பெரிய ஆளுங்க ஆடுறது. நம்ம ஊர்ப் பசங்க பை தூக்கப் போவாங்க."

"அவங்க பேரு என்ன?"

கேடி என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திவிட்டேன். அந்தச் சொல் எனக்கு முப்பத்திரண்டு வருடமாகத் தொண்டையில் கிடக்கிறது.

1991. நான் வேலைக்குச் சேர்ந்து ஏழாவது வருடம். ஐந்தாம் வகுப்பு. ஒரு பையன் வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் வரமாட்டான். அப்பா இல்லை. அம்மா கேரட் கழுவும் இடத்தில் கூலி. கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கினால் பதினைந்தோ இருபதோ கிடைக்கும். முட்புதருக்குள் தொலைந்த பந்தைத் தேடி எடுத்து விற்றால் அது தனி. கோல்ஃபில் பை தூக்கி, மட்டை எடுத்துக் கொடுப்பவருக்கு கேடி என்று பெயர். நம் ஊரில் கேடி என்றால் வேறு அர்த்தம், போலீஸ் பட்டியலில் பெயர் ஏறியவன். ஒரு செவ்வாய்க்கிழமை அவன் தாமதமாக வந்து வாசலில் நின்றான். எங்கேடா போனே என்றேன். "கேடிக்குப் போனேன் சார்" என்றான். நான் வகுப்பைப் பார்த்துத் திரும்பி, "கேடிக்குப் போறவன் வேற என்னவா ஆவான்? கேடியாத்தான் ஆவான்" என்றேன்.

நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல சிலேடை என்று அன்று மாலை ஆசிரியர் அறையில்கூடச் சொல்லிக் காட்டினேன். மறுநாளிலிருந்து அவனுக்கு அதுதான் பெயர். முழுப் பரீட்சைக்கு அவன் வரவில்லை. ஆறாம் வகுப்பில் எங்கும் சேரவும் இல்லை. நான் பிரம்பு அதிகம் எடுக்காத வாத்தியார் என்று பெயர் வாங்கியவன். அது உண்மைதான். பிரம்பு தேவைப்படவில்லை.

டண்டீயில் பழைய பொருள் கடையில் ஐந்து பவுண்டுக்கு ஒரு புட்டர் வாங்கினேன். மகள் வீட்டுக் கம்பளத்தில் ஒரு டம்ளரைப் படுக்கவைத்து உருட்ட ஆரம்பித்தேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். யூடியூபில் ஆளுக்கொரு முறை சொல்கிறார்கள். ஆசிரியருக்கே உரிய வியாதி, எல்லாவற்றையும் குறிப்பெடுத்தேன். தோளை ஊசல் மாதிரி ஆட்டு, மணிக்கட்டை மடக்காதே, கண் பந்துக்கு நேர் மேலே இருக்கட்டும். எல்லாம் சரி. ஆனால் எனக்குப் பெரிய ஆறுதல் தந்தது ஒரு கணக்கு. உலகத்தின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டடித் தூரத்திலிருந்து ஏறக்குறையப் பாதிதான் போடுகிறார்கள். மூன்றடிக்குள் என்றால் அநேகமாகத் தவறுவதில்லை. அப்படியென்றால் என்னைப் போன்றவன் செய்ய வேண்டியது என்ன? தூரத்திலிருந்து குழிக்குள் போட ஆசைப்படக் கூடாது. மூன்றடி வட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தத் தெரிய வேண்டும். அந்த மூன்றடியைத் தவறவிடாமல் இருக்க வேண்டும். திசை பாதிதான். வேகம்தான் மீதி, சொல்லப்போனால் மீதிக்கும் மேலே.

புரிந்தது. கை கேட்கவில்லை. மகள் வீட்டுக் கம்பளம் சமதளம். புல்தரை அப்படி இல்லையே.

அந்த நவம்பரில் ஊர் திரும்பினோம். புட்டரைப் பெட்டியில் குறுக்காகப் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன். அதற்கு ஒரு மாதம் கழித்து மார்க்கெட்டில் வெள்ளைப்பூண்டு வாங்கிக்கொண்டிருந்தபோது, காதோரம் நரைத்த ஒருவர், "சார், நல்லா இருக்கீங்களா?" என்றார். முகம் தெரியவில்லை. சிரித்தபோது முன்பல் சந்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். "வாடா" என்று வந்த வாயை மூடிக்கொண்டு "வாங்க" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என்ன சார் புதுசா வாங்க போங்கன்னு" என்றார். எழுதும்போதும் எனக்கு இதே திண்டாட்டம்தான். அந்தப் பையன் அவன், இந்த மனிதர் அவர் என்று வைத்துக்கொள்கிறேன்.

இன்னும் கேடி வேலைதான். மூத்த கேடி. பெரிய அதிகாரிகள், கம்பெனி முதலாளிகள் எல்லாம் இவர் சொல்லும் திசையில்தான் அடிக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து தெருக்கோடிக் கம்பத்தைக் காட்டி, "நூத்தி நாப்பது கஜம் சார்" என்றார். ஏழாம் வாய்ப்பாடு இவன் மண்டையில் ஏறாது என்று நான் கைவிட்ட பையன்.

நான் புட்டர் வாங்கிய கதையைச் சொன்னேன். கண் அகலமாகிவிட்டது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாங்க சார்" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடம். சரிவு. புல்லைக் கத்தரிக்கோலாலேயே ஒட்ட வெட்டியிருந்தார். நாலு இடத்தில் மில்க்மெய்ட் டப்பாவைத் தரையில் புதைத்துக் குழி செய்திருந்தார். அந்த டப்பாவின் வாய் மூன்று அங்குலம்தான் இருக்கும். "சின்ன வாயில போட்டுப் பழகிட்டா, அங்க போறப்போ குழி வாளி மாதிரி தெரியுங்க சார்."

முதல் நாள் என்னை மட்டையையே தொடவிடவில்லை. பந்துக்கும் குழிக்கும் நடுவில் மெதுவாக நடக்கச் சொன்னார். "கண்ணு பொய் சொல்லும், காலு சொல்லாது. எந்தக் கால்ல பாரம் ஏறுதுன்னு பாருங்க." உண்மை. கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த இடத்தில் இடது பாதம் கனத்தது. மலை ஊரில் இது இன்னும் முக்கியமாம். சுற்றிலும் எல்லாமே சாய்வாக இருப்பதால் எது சமம் என்று கண்ணுக்கு மறந்துவிடும். ஏறுகிற மாதிரி தெரியும், உண்மையில் இறங்கும். "சந்தேகம்னா பெரிய மலை எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. பந்து அதுக்கு எதிர்ப்பக்கம்தான் ஒதுங்கும். இல்லைன்னா, இங்க ஒரு குடம் தண்ணி ஊத்தினா எங்க ஓடும்னு நெனைச்சுப் பாருங்க." பிறகு குழிக்குக் கீழ்ப்பக்கம் போய்க் குத்துக்காலிட்டுப் பார்க்க வைத்தார். மேலிருந்து பார்த்தால் சரிவு ஒளிந்துகொள்ளும், கீழிருந்து பார்த்தால் காட்டிக்கொடுக்கும்.

காலையில் பனி ஈரத்தில் பந்து தூங்குமாம், பதினோரு மணிக்கு மேல் ஓடுமாம். ஒரே குழி, ஒரே தூரம், இரண்டு வேகம்.

வேகத்தைப் பற்றி அவர் சொன்னதை எந்த யூடியூப்காரரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. "ஓடுற பந்துக்கு நடுவுல மட்டும்தான் வாசல். சாகப்போற பந்துக்குக் குழி முழுக்க வாசல்." வேகமாக வரும் பந்து குழியின் விளிம்பைத் தொட்டால் வளைந்து வெளியே போய்விடும். மெதுவாக வரும் பந்து எந்த விளிம்பில் வந்தாலும் விழும். அதற்காக ரொம்பவும் மெதுவாக விட்டால் குழிவரை வராது, வராத பந்து விழவும் விழாது. குழி அங்கே இல்லை என்றால் ஓரடி, ஒன்றரையடி தாண்டி நிற்கும் அளவு வேகம். இதற்கு அவர் கொடுத்த பயிற்சி: பந்தைப் பார்க்காமல், குழியைப் பார்த்துக்கொண்டே வெறும் காற்றில் மூன்று முறை மட்டையை ஆட்டுவது. கேரம் போர்டில் யாரும் விரல் வேகத்தைக் கணக்குப் போட்டுச் சுண்டுவதில்லை. கண் தூரத்தைப் பார்த்தால் கை தானாக அளந்துகொள்ளும்.

பிடியைப் பற்றி மட்டும் நானாகக் கண்டுபிடித்தேன். "இறுக்காதீங்க" என்று பத்து முறை சொன்னார். சாக்பீஸ் என்று நினைத்துக்கொண்டேன். இறுக்கினால் உடையும். சரியாகிவிட்டது.

சரி, இவ்வளவும் ஆயிற்று. பத்தடி, பன்னிரண்டடியிலிருந்து பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தப் பழகிவிட்டேன். அந்தக் கடைசி மூன்றடிதான் வரவில்லை. தனியாக இருக்கும்போது விழும். அவர் பக்கத்தில் நின்றால் கடைசி நொடியில் வலது கை வெட்டி இழுக்கும். இதற்கு யிப்ஸ் என்று பெயர் இருக்கிறது, பெரிய பெரிய ஆட்டக்காரர்களுக்கே வந்திருக்கிறது. ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் பலமுறை இதில் விழுந்து, பிடியை மாற்றி மாற்றி எழுந்தவர். 1991 ரைடர் கோப்பை, அமெரிக்காவின் கியாவா தீவு. கடைசி ஆட்டம், கடைசிக் குழி, ஆறடி. போட்டிருந்தால் சமநிலையாகி ஐரோப்பா கோப்பையைத் தக்கவைத்திருக்கும். போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்த நாட்டில், ஸ்டுட்கார்ட்டில், கடைசிக் குழியில் பதினைந்தடியிலிருந்து போட்டுச் சமன் செய்து, கூடுதல் ஆட்டத்தில் வென்றார். அந்த ஒரு வாரம் அவர் எப்படித் தூங்கினார் என்று எனக்கு யோசனை. அதே வருடம்தான் என் வகுப்பில் அந்தச் சிலேடையும்.

கனடாவில் ஜோன் விக்கர்ஸ் என்ற பேராசிரியை புட்டிங் ஆடுபவர்களின் கண் எங்கே பார்க்கிறது என்று கருவி வைத்து ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார். நன்றாக ஆடுபவர்களின் பார்வை பந்தின் மேல் அலையாமல் நிற்கிறது, தட்டிய பிறகும் ஒரு கணம் பந்து இருந்த அதே இடத்தில் நிற்கிறது. மற்றவர்கள் கண் பந்துக்கும் குழிக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கிறது. என்ன ஆகுமோ என்ற பதைப்பு. இதை நான் பெரிய விஷயமாக அவரிடம் சொன்னேன். "அதாங்க சார், காதால கேளுங்கன்னு சொல்றது" என்றார். மூன்றடியில் தலையைத் தூக்கவே கூடாது. டப்பாவில் விழும் சத்தம் கேட்டால் விழுந்தது. கேட்கவில்லை என்றால் இல்லை. பார்ப்பதில் லாபம் ஒன்றும் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு. பதினோரு பந்தில் ஒன்பதைத் தவறவிட்டேன். கை அப்படி நடுங்கியது. அவர் என் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கரும்பலகையில் கணக்குப் போடும் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நான் அப்படித்தான் நிற்பேன். மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அன்று வகுப்பில் சொன்னதை மறுபடி என் வாயால் சொல்லவேண்டியிருந்தது. அது கஷ்டம். மன்னிப்பும் கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தார். மறந்துவிட்டேன் சார் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை.

"ஞாபகம் இருக்குங்க சார். அன்னைக்கு மூணு பந்து எடுத்து வச்சிருந்தேன். புதுசு. அதுல ஒண்ணு உங்களுக்குக் குடுக்கலாம்னு டவுசர் பையில கொண்டாந்தேன்."

பிறகு அவரே, "அதுக்காகத்தான் ஸ்கூலை விட்டேனான்னு கேட்டா, சொல்லத் தெரியலைங்க. அம்மாவுக்கு அப்பவே முடியாமப் போச்சு. எப்படியும் விட்டிருப்பேன். ஆனா அந்த வருசமே விட்டிருக்க மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தூரம் சொல்வது போலச் சொன்னார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் எழுந்து மட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். "இருட்டப்போகுது சார். இன்னும் ஒம்பது பந்து இருக்கு."

அந்த ஒன்பதில் ஆறு விழுந்தது. அவர் பின்னால் நிற்காமல், துணிக்கொடிப் பக்கம் போய் நின்றுகொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் பார்த்த படத்தை எடுத்தது அவருடைய மகள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கில் கொஞ்சம் தடுமாற்றம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிவரை அவளுக்கு இயற்கணிதம், அதற்குப் பிறகு எனக்குப் புட்டிங். பதில் சொல்லும்போது அவள் பின்னால் நிற்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இந்தப் பதிவை அவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். பெயர் வேண்டாம் என்றார், போடவில்லை. ஒரு திருத்தமும் சொன்னார். முடிவில் நான், 'நேற்று மூன்றடியிலிருந்து இருபதுக்குப் பதினான்கு' என்று எழுதியிருந்தேன். பதின்மூன்றுதானாம். ஒன்று டப்பாவின் விளிம்பில் நின்றதாம், நான் ஷூவால் தட்டிவிட்டதை அவர் பார்த்தாராம்.